டிஐ-83 பிளஸில் கேம்பாய் ரோம் ஓடுமா? சிப் ஒன்றுதானே!

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் பழைய டிஐ-83 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டர் ஒன்று கையில் இருக்கிறது. அதற்குள் இசட்80 ப்ராசஸர். நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான முதல் கேம்பாயிலும் இசட்80தான் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் கேம்பாய் ரோமை, அதாவது கேம் கார்ட்ரிட்ஜின் நகல் கோப்பை, அப்படியே கால்குலேட்டரில் ஏற்றி ஓட்டலாமா, முடியாது என்றால் திரையை மாற்றி, கிளாக் வேகத்தை ஏற்றி, கொஞ்சம் சால்டரிங் செய்து வழிக்குக் கொண்டுவர முடியுமா, ஒலி வருமா என்று கேட்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி, ப்ராசஸர் ஒன்றானால் இயந்திரமும் ஒன்றுதானா என்பது. இந்தக் கால்குலேட்டர்களுக்கு அசெம்பிளி (ப்ராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் நிரல்மொழி) எழுதியும், பேட்டரி ஒழுகிக் கெட்டுப்போனவற்றைப் பிரித்துச் சரிசெய்தும் பல வருடங்களாகப் பொழுது போக்குகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அப்படியே ஓடாது. சால்டரிங் செய்தாலும் ஓடாது. ஆனால் அந்தக் கால்குலேட்டர் வீண் என்று அர்த்தமில்லை.

முதலில் சிப்பைப் பற்றிய தகவலே பாதிதான் சரி. இசட்80 என்பது ஸைலாக் நிறுவனம் 1976இல் வெளியிட்டது. இன்டெல் 8080ஐ உருவாக்கிய குழுவில் இருந்த ஃபெடரிகோ ஃபாஜின் வெளியே வந்து தொடங்கிய நிறுவனம் அது. அதனால் 8080இன் கட்டளைகளை எல்லாம் வைத்துக்கொண்டு மேலும் பலவற்றைச் சேர்த்தார்கள். 1989இல் வந்த கேம்பாயில் இருப்பது ஷார்ப் நிறுவனத்தின் சிப், அதன் உள்மையத்தை எஸ்எம்83 என்பார்கள். அது 8080க்கும் இசட்80க்கும் நடுவில் நிற்கிற ஒரு பிறவி. இசட்80இல் இருக்கும் ஐஎக்ஸ், ஐஒய் ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பு இடங்கள்) அதில் இல்லை. மாற்று ரெஜிஸ்டர் தொகுதியும் இல்லை, இன், அவுட் கட்டளைகளும் இல்லை. பதிலுக்கு ஷார்ப் தன் பங்குக்குச் சில கட்டளைகளைச் சேர்த்திருக்கிறது.

"சில கட்டளைதானே வேறு, மற்றதெல்லாம் ஓடுமே" என்று தோன்றும். வேறுபாடு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 224 என்ற பைட்டை எடுத்துக்கொள்வோம் (பதின்ம எண்ணிலேயே எழுதுகிறேன்). கேம்பாயில் இதற்கு "அக்குமுலேட்டரில் (கணக்குக்கான முக்கிய ரெஜிஸ்டரில்) உள்ளதை வன்பொருள் ரெஜிஸ்டரில் (திரை, ஒலி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் முகவரியில்) எழுது" என்று பொருள், அடுத்த பைட் எந்த ரெஜிஸ்டர் என்று சொல்லும். ஒலி, திரை என்று எதைத் தொட்டாலும் கேம்பாய் நிரல்களில் இந்தப் பைட் வந்துகொண்டே இருக்கும். அதே 224, இசட்80இல் "பாரிட்டி ஒற்றையாக இருந்தால் சப்ரூட்டினிலிருந்து (அழைக்கப்பட்ட துணை நிரலிலிருந்து) திரும்பிப் போ". இரண்டாவது பைட் கிடையாது. ஆக, முதல் தடவை திரையைத் தொடப்போகும்போதே கால்குலேட்டர் எங்கோ திரும்பிப் போய்விடும், போகாவிட்டால் அடுத்த பைட்டைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொண்டு தடம் மாறும். 34 என்ற பைட்டும் அப்படித்தான்: கேம்பாயில் ஒரு பைட் நீளக் கட்டளை, இசட்80இல் மூன்று பைட் நீளம். நீளமே மாறிப்போனால் அதற்குப் பிறகு வருகிற எல்லாமே வேறு அர்த்தத்தில் படிக்கப்படும்.

சரி, இந்தக் கட்டளைகளை மட்டும் மாற்றி எழுதும் ஒரு நிரலைச் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது செய்யக்கூடிய வேலைதான். அப்புறம்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு வீடு என்பதற்காக ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது. நினைவக முகவரிகளில் எது எங்கே இருக்கிறது என்பது இரண்டிலும் முற்றிலும் வேறு.

கேம்பாயில் முகவரி 0 முதல் 32,767 வரை கார்ட்ரிட்ஜ். நிரல் 256ஆம் முகவரியில் ஆரம்பிக்கும். அதற்கு மேலே 8 கிலோபைட் வீடியோ ராம், பிறகு கார்ட்ரிட்ஜில் இருக்கும் ராமுக்கான இடம், பிறகு 8 கிலோபைட் வேலை ராம், கடைசியில் 65,280இலிருந்து வன்பொருள் ரெஜிஸ்டர்கள். டிஐ-83 பிளஸில் முதல் 16 கிலோபைட் முழுக்க டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இயங்குதளம். அங்கே உங்கள் ரோமுக்கு இடமில்லை. 49,152க்கு மேலே இருப்பது வெறும் ராம், அதன் உச்சியில் கால்குலேட்டரின் ஸ்டேக் (திரும்பிப் போகவேண்டிய முகவரிகளை அடுக்கி வைக்கும் இடம்) உட்கார்ந்திருக்கிறது. கேம்பாய் நிரல் "திரையை இயக்கு" என்று 65,344இல் எழுதினால் இங்கே திரை இயங்காது, ராமில் ஒரு பைட் மாறும். ஸ்டேக் அவ்வளவு ஆழம் இறங்கியிருந்தால் திரும்பிப் போகவேண்டிய முகவரி அழிந்து மொத்தமும் உறைந்துபோகும்.

எனக்குப் பிடித்த உதாரணம் 65,348. கேம்பாயில் அந்த முகவரியைப் படித்தால் திரையில் தற்போது எந்த வரி வரையப்படுகிறது என்ற எண் வரும். மொத்தம் 154 வரி, அவற்றில் 144 மட்டுமே கண்ணுக்குத் தெரிவது. எண் 144ஐத் தொட்டதும் திரை ஓய்வில் இருக்கிறது, இப்போது வீடியோ ராமைத் தொடலாம் என்று பொருள். பல கேம்கள் ஆரம்பத்திலேயே இந்த எண் வரும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும். கால்குலேட்டரில் அந்த முகவரியில் இருப்பது சாதாரண ராம் என்பதால் எண் மாறவே மாறாது. பேட்டரி தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சிப்பின் வேகத்தை ஒப்பிட்டால் உங்களுக்குக் கால்குலேட்டர் முன்னால் நிற்பதுபோல் தோன்றும்: கேம்பாய் 4.19 மெகாஹெர்ட்ஸ், டிஐ-83 பிளஸ் 6 மெகாஹெர்ட்ஸ். இந்த ஒப்பீடு ஏமாற்றும். கேம்பாயில் படம் வரைகிற வேலை ப்ராசஸருடையதே அல்ல. தனியாக ஒரு வரைகலைப் பகுதி இருக்கிறது. 256க்கு 256 பிக்சல் பின்னணியை 8க்கு 8 கட்டங்களாக அது வைத்திருக்கும், அதன்மேல் 40 ஸ்பிரைட்களை (தனியாக நகரும் சிறு படங்களை) நகர்த்தும், நொடிக்கு ஏறத்தாழ 60 முறை இதைச் செய்யும். முழுத் திரையையும் ஒரு பிக்சல் இடப்பக்கம் நகர்த்த வேண்டுமா? ஒரே ஒரு ரெஜிஸ்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். கால்குலேட்டரில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு பிக்சல் நகர வேண்டுமானால் 768 பைட்டையும் ப்ராசஸரே ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்ப வரைய வேண்டும்.

வரைந்ததைத் திரைக்கு அனுப்புவதிலும் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. தோஷிபாவின் டி6ஏ04 என்ற எல்சிடி கண்ட்ரோலர் ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவில் சுமார் 10 மைக்ரோநொடி அவகாசம் கேட்கும். 6 மெகாஹெர்ட்ஸில் அது 60 கிளாக் சுற்று. 768 பைட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு முழுத் திரைக்கு 8 முதல் 10 மில்லிநொடி போய்விடும். நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் உள்ள நேரமே 16.7 மில்லிநொடிதான். ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ திரைக்குப் படம் அனுப்புவதிலேயே கரைகிறது. மிச்ச நேரத்தில் கேமின் தர்க்கம், மோதல் கணக்கு, வரைதல், எமுலேட்டர் (ஓர் இயந்திரம் போலவே இன்னொன்றை நடிக்கவைக்கும் நிரல்) என்றால் அதன் சுமையும் சேர்ந்து எல்லாம் நடக்க வேண்டும்.

திரையின் அளவையும் பார்த்துவிடலாம். கேம்பாய் 160க்கு 144, நான்கு சாயல்கள். டிஐ-83 பிளஸ் 96க்கு 64, கருப்பு இருக்கும் அல்லது இருக்காது. பிக்சல் எண்ணிக்கையில் கால்குலேட்டர் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சாம்பல் நிறம் வேண்டுமானால் இரண்டு படங்களை வேகமாக மாற்றிமாற்றிக் காட்டிக் கண்ணை ஏமாற்ற வேண்டும். நிறையப் பேர் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் எல்சிடியின் புதுப்பிப்பு வேகத்தோடு நம் நிரல் ஒத்துப்போகாதபோது திரையில் பட்டைபட்டையாக ஒன்று ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் போதாதென்று கோப்பின் அளவு. டெட்ரிஸ் 32 கிலோபைட், அது பிரச்சினையில்லை. போகிமான் ரெட்டின் ஆங்கிலப் பதிப்பு 1 மெகாபைட். டிஐ-83 பிளஸில் நமக்குக் கிடைக்கும் ஃபிளாஷ் 160 கிலோபைட், ராம் 24 கிலோபைட். அதற்குமேல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: 49,152க்கு மேலுள்ள ராமில் தரவு வைக்கலாம், அங்கிருந்து நிரலை இயக்கக் கூடாது. மீறினால் கால்குலேட்டர் ரீசெட் ஆகிவிடும். இதனால் சாதாரணமாக ஏற்றி ஓட்டும் அசெம்பிளி நிரலின் இயங்கும் பகுதிக்கு 8,811 பைட்தான் எல்லை. இந்த எண் அசெம்பிளி எழுதுகிறவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

இப்போது சால்டரிங் கேள்விக்கு வருகிறேன். பழைய டிஐ மாடல்கள் பலவற்றில் கிளாக்கைத் தீர்மானிப்பது ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த எளிய சுற்று. கெபாசிட்டரை மாற்றினால் வேகம் ஏறும், இது 1990களிலேயே பிரபலமான விளையாட்டு. உங்கள் பலகையில் அதைச் செய்ய முடியுமா என்பதை நான் அதைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வருடங்களில் உள்ளே வெவ்வேறு சுற்றுகளை வைத்திருக்கிறார்கள். செய்தாலும் என்ன ஆகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அந்த 10 மைக்ரோநொடி அவகாசத்தைப் பல நிரல்கள் கிளாக் சுற்றுகளை எண்ணித்தான் கடைப்பிடிக்கின்றன. கிளாக் ஏறினால் அவகாசம் குறையும், திரையில் குப்பை விழும். திரையை மாற்றுவதும் கோட்பாட்டில் முடியும். எல்சிடிக்குப் போகும் தரவுக் கம்பிகளை ஒரு மைக்ரோகண்ட்ரோலரால் ஒட்டுக்கேட்டு வேறு திரையில் வரையலாம். ஆனால் அப்போதும் வரப்போவது அதே 96க்கு 64 படம்தானே. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்பது என் கருத்து, வேறு யாராவது ஆர்வத்தில் செய்தால் தடுக்க மாட்டேன்.

அப்படியானால் கால்குலேட்டரில் கேம்பாய் ஓடுவதுபோல நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வீடியோக்கள் பொய்யா? இல்லை. டிஐ-பாய் எஸ்இ என்ற எமுலேட்டர் நிஜமாகவே இருக்கிறது. அது கேட்பது 15 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய மாடல்களை: டிஐ-83 பிளஸ் சில்வர் எடிஷன், டிஐ-84 பிளஸ், டிஐ-84 பிளஸ் சில்வர் எடிஷன். பெயரில் ஒரு சொல் விடுபட்டாலும் வேறு இயந்திரம் என்பதைக் கவனியுங்கள், உங்களிடம் இருக்கும் சாதாரண 83 பிளஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 2015இல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇக்கு டிஐ-பாய் சிஇ இருக்கிறது. அதில் இசட்80இன் வாரிசான 48 மெகாஹெர்ட்ஸ் ஈஇசட்80 ப்ராசஸரும் 320க்கு 240 வண்ணத் திரையும் இருப்பதால் முழுக் கேம்பாய்த் திரையும் குறையாமல் அடங்கும். ஆனால் 2020இல் சிஇ வரிசையின் புதிய இயங்குதளங்களில் அசெம்பிளி நிரல்களை இயக்கும் வசதியை நிறுவனம் நீக்கிவிட்டது. ஆர்வலர்கள் அதே வருடம் ஆர்ட்டிஃபைஸ் என்ற மாற்றுவழியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த இயங்குதளப் பதிப்பிலும் அது வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஆகவே சிஇ வாங்குகிறவர் பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. உங்கள் 83 பிளஸில் இந்தத் தலைவலி இல்லை. அசெம்பிளி நிரலை இயக்குவதற்கான கட்டளை அதன் பட்டியலிலேயே இருக்கிறது.

முன்னால் சொன்ன முதல் 16 கிலோபைட் இயங்குதளத்தையே தூக்கிவிட்டு நம்முடையதை வைக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இயங்குதளக் கோப்பு 512 பிட் ஆர்எஸ்ஏ கையொப்பத்தால் (நிறுவனத்தின் ரகசியச் சாவி இருந்தால்தான் போடக்கூடிய டிஜிட்டல் முத்திரையால்) பூட்டப்பட்டிருந்தது. 2009இல் ஆர்வலர் ஒருவர் டிஐ-83 பிளஸின் அந்தச் சாவியைத் தன் வீட்டுக் கணினியிலேயே சில மாதங்கள் ஓடவிட்டுக் காரணிப்படுத்தி வெளியிட்டார். மற்ற மாடல்களின் சாவிகளைப் பலர் சேர்ந்து தங்கள் கணினிகளைப் பகிர்ந்து உடைத்தார்கள். நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் அனுப்பியது, டிஜிட்டல் உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. அதன் பலனாக இன்று நைட்ஓஎஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களை இந்தக் கால்குலேட்டர்களில் ஏற்றலாம். ஆனால் இயங்குதளத்தை மாற்றினாலும் 65,348இல் வரி எண் வந்துவிடாது.

ஒலி பற்றி ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கேம்பாயில் நான்கு ஒலி வரிசைகள், கால்குலேட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஆனால் கீழே இருக்கும் 2.5 மில்லிமீட்டர் லிங்க் போர்ட்டின் கம்பிகளை நிரல் மேலும் கீழுமாக ஆட்டினால் ஒரு பிட் ஒலி கிடைக்கும். 3.5 மில்லிமீட்டர் அடாப்டர் போட்டு நேரே காதில் மாட்ட வேண்டாம், ஒலியளவைக் குறைக்க வழியில்லை. சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கரில் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சால்டரிங் அயர்னுக்கு நல்ல வேலை வேண்டுமென்றால் அந்த லிங்க் போர்ட்தான் என் பரிந்துரை. 83 பிளஸில் யூஎஸ்பி இல்லை, கணினியோடு இணைக்க சில்வர்லிங்க் என்ற கேபிள் வேண்டும். நெறிமுறையோ மிக எளிது. இரண்டு தரவுக் கம்பிகள், ஒரு தரைக் கம்பி. சும்மா இருக்கும்போது இரண்டும் உயர்நிலையில் இருக்கும். அனுப்புகிறவர் ஒன்றைக் கீழே இழுத்தால் 0, மற்றதை இழுத்தால் 1. பெறுகிறவர் எதிர்க் கம்பியை இழுத்து "கிடைத்தது" என்பார். பிறகு அனுப்புகிறவர் விடுவார், பெறுகிறவரும் விடுவார். ஒவ்வொரு படியும் மறுபக்கத்தின் பதிலுக்குக் காத்திருப்பதால் கடிகார வேகம் பொருந்த வேண்டிய கவலையே இல்லை. ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இதை எழுதிவிடலாம். கம்பியை உயர்நிலைக்குத் தள்ளாதீர்கள், இழுக்கவும் விடவும் மட்டும் செய்யுங்கள். இணைக்கும் முன் மல்டிமீட்டரில் அந்தக் கம்பிகளின் வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். உங்கள் போர்டு 3.3 வோல்ட் வகையாக இருந்து கால்குலேட்டர் 5 வோல்ட் காட்டினால் நடுவில் லெவல் கன்வெர்ட்டர் போடாமல் இணைக்கக் கூடாது.

கேம்பாய் கேம்களைக் கையடக்கமாக விளையாடுவதுதான் நோக்கம் என்றால் கால்குலேட்டரை விட்டுவிட்டு, 2021இல் வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோவையும் எஸ்பிஐ என்ற சில கம்பி இணைப்பு முறையில் வேலை செய்யும் ஒரு சிறிய வண்ணத் திரையையும் எடுங்கள். அதன் ஆர்பி2040 சிப்பில் 133 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மையங்களும் 264 கிலோபைட் ராமும் இருக்கின்றன. பீனட்-ஜிபி என்ற சி மொழி எமுலேட்டரை இதற்குப் பொருத்திச் செய்த திட்டங்கள் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. பட்டன், பேட்டரி, ஒலி எல்லாம் நீங்களே இணைப்பதால் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். ரோம் எங்கிருந்து எடுப்பது என்ற சட்ட விஷயத்தில் நான் வாய் திறக்கப் போவதில்லை, அது நாட்டுக்கு நாடு வேறு, நான் வக்கீலும் இல்லை. இலவசமாக வெளியிடப்பட்ட புதுக் கேம்பாய் கேம்களே நிறைய உண்டு.

கால்குலேட்டரை விட மனமில்லை என்றால் எமுலேட்டரைத் தேடாமல் அதற்கென்றே எழுதப்பட்ட கேம்களை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஃபீனிக்ஸ் என்ற விண்வெளிச் சுடும் கேமை மிராஜ்ஓஎஸ் அல்லது அயான் ஷெல்லில் (நிரல்களைத் தேர்ந்து இயக்க உதவும் நிரலில்) ஏற்றினால் இந்தச் சின்னத் திரையும் 6 மெகாஹெர்ட்ஸும் என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும். டிஐகால்க் தளத்தில் 1990களிலிருந்து சேர்ந்த களஞ்சியமே இருக்கிறது. கணினியில் சோதிக்க வாபிட்எமு என்ற கால்குலேட்டர் எமுலேட்டர் போதும்.

நீங்களே எழுதும் எண்ணம் இருந்தால், ஒரே சிப் என்று நீங்கள் ஆரம்பித்த எண்ணத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது. எஸ்டிசிசி என்ற இலவச சி கம்பைலர் இசட்80க்கும் எழுதித் தரும், எஸ்எம்83க்கும் எழுதித் தரும். கேமின் விதிகள், புள்ளிக் கணக்கு, எதிரிகளின் நடத்தை ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, வரைதல், பட்டன், ஒலி மூன்றையும் இயந்திரத்துக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் எழுதுங்கள். ஆட்டக்களத்தை 12க்கு 8 கட்டங்களாக வைத்தால் 8 பிக்சல் கட்டங்களில் அது கால்குலேட்டர் திரையைச் சரியாக நிரப்பும். கேம்பாயில் 20க்கு 18 கட்டங்கள் இருப்பதால் அங்கே அதே களத்தை நடுவில் வைத்து, மிஞ்சிய இடத்தில் புள்ளிகளைக் காட்டிக்கொள்ளலாம். கால்குலேட்டரில் புள்ளிகளுக்கு இடமிருக்காது, ஆட்டம் முடிந்ததும் தனித் திரையில் காட்டுங்கள். பட்டனுக்கு நான்கு அம்புக்குறிகளோடு இன்னும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். இதன் விசைப்பலகை டயோடு இல்லாத மேட்ரிக்ஸ், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நாலாவதும் சில சமயம் அழுத்தியதாகக் காட்டும்.